ஆம்பார்ஃபே: ஆங்கிலம் வழியாகப் போகாமல்

பிப்ரவரி 3, வாசகர் கேள்வி

"பிரெஞ்சில் கடந்தகாலம் எழுதும்போது எங்கே ஆம்பார்ஃபே, எங்கே பஸ்ஸே கொம்போஸே என்ற குழப்பம் ஒரு வருடமாகத் தீரவில்லை. ஆங்கிலத்தில் 'வாஸ்' போட்டு 'இங்' வந்தால் ஆம்பார்ஃபே, இல்லையென்றால் பஸ்ஸே கொம்போஸே என்று கூடப் படிப்பவர் சொல்கிறார். நீண்ட நேரம் நடந்தால் ஆம்பார்ஃபே, சட்டென்று நடந்து முடிந்தால் மற்றது என்கிறார் இன்னொருவர். எதைப் பிடித்துக்கொள்வது?"

பிப்ரவரி 3, இரவு

அந்த இரண்டு விதிகளையும் விட்டுவிடுங்கள். சுருக்கமாக, ஆம்பார்ஃபே 'இருந்தது, நடந்துகொண்டிருந்தது' என்று நிலையைக் காட்டும் கடந்தகாலம்; பஸ்ஸே கொம்போஸே 'நடந்தது' என்று காரியத்தை முடித்துச் சொல்லும் கடந்தகாலம்.

நேரத்தின் நீளத்தை முதலில் பார்ப்போம். பதினான்காம் லூயி 1643 முதல் 1715 வரை 72 ஆண்டுகள் அரசராக இருந்தார். 'லூயி பதினான்கு 72 ஆண்டுகள் ஆண்டார்' என்பதைப் பிரெஞ்சில் பஸ்ஸே கொம்போஸேயில் 'அ ரேஞே' என்று சொல்வார்கள், புத்தகத்தில் அதற்கு ஈடான எழுத்துநடை வடிவம் பஸ்ஸே சாம்ப்ல் வரும். ஆம்பார்ஃபே வராது. 72 வருடமே போதவில்லை என்றால் எவ்வளவு நீளம் வேண்டும்? மறுபக்கம், 'நான் கதவைத் திறந்த நொடியில் மழை பெய்துகொண்டிருந்தது' என்றால் 'இல் ப்லெவே'. பேசுவது ஒரு நொடியைப் பற்றி, வருவது ஆம்பார்ஃபே. ஆக, நீளம் கணக்கிலேயே இல்லை.

அடுத்து 'வாஸ்-இங்'. 'வீடு பெரிதாக இருந்தது', 'அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'இங்' கிடையாது. பிரெஞ்சில் இரண்டும் ஆம்பார்ஃபே: 'ல மேஸோன் ஏத்தே க்ரான்த்', 'இல் சவே'. இந்த விதியோடு எழுதினால் பாதி இடங்களில் தவறும்.

நமக்கு இந்தச் சுற்றுவழி எதற்கு? தமிழில் கடந்தகாலத்தைச் சொல்ல 'போனேன்' மட்டுமா இருக்கிறது? 'போய்க்கொண்டிருந்தேன்' இருக்கிறது. அதைவிட முக்கியமாக, 'அப்போதெல்லாம் தினமும் நூலகம் போவேன்' இருக்கிறது. வடிவம் எதிர்காலம், பேசுவது பழைய கதை. யாரும் நமக்குச் சொல்லித் தராமலே ஒவ்வொரு நாளும் இப்படிப் பேசுகிறோம். அந்தப் 'போவேன்' அப்படியே பிரெஞ்சின் ஆம்பார்ஃபே.

பிப்ரவரி 4

வினைவடிவம் எப்படி அமைகிறது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பிரெஞ்சு வினைகளில் இதைவிடச் சுலபமான காலம் இல்லை என்பேன்.

நிகழ்காலத்தில் 'நூ' (நாம்) வடிவத்தை எடுங்கள். அதன் வாலில் உள்ள 'ஓன்' (ஓ-என்-எஸ்) போகட்டும். மிச்சம் இருப்பதுதான் அடி. அதோடு ழெ (நான்), த்யு (நீ) இரண்டுக்கும் ஏ-ஐ-எஸ், இல் (அவன்), எல் (அவள்), ஓன் (பொதுவாக 'ஒருவர்') மூன்றுக்கும் ஏ-ஐ-டி, நூவுக்கு ஐ-ஓ-என்-எஸ், வூவுக்கு (நீங்கள்) ஐ-ஈ-இசட், பன்மை இல், எல்லுக்கு (அவர்கள்) ஏ-ஐ-ஈ-என்-டி. (பிரெஞ்சு 'ஜெ' ஒலிக்கு ழகரம் போட்டு எழுதுகிறேன். ழான், ழாக் என்று பெயர்களை எழுதுகிற பழக்கம் தமிழில் ஏற்கெனவே உண்டு.)

'பேசு' எடுத்தால்: ழெ பார்லே, த்யு பார்லே, இல் பார்லே, நூ பார்லியோன், வூ பார்லியே, இல் பார்லே.

நிகழ்காலத்தில் முரண்டு பிடிக்கும் வினைகளெல்லாம் இங்கே அடங்கிவிடும். 'குடி': நூ ப்யுவோன், அதனால் ழெ ப்யுவே. 'எடு': நூ ப்ரெனோன், ழெ ப்ரெனே. 'முடி': நூ ஃபினிஸோன், ழெ ஃபினிஸே. 'சொல்' என்ற வினையில் நிகழ்காலத்து வூ வடிவம் 'தீத்' என்று தனியாக நிற்கும். ஆம்பார்ஃபேயில் அந்தத் தொல்லையும் இல்லை, நூ தீஸோனிலிருந்து ழெ தீஸே, வூ தீஸியே என்று நேராகப் போகிறது.

விதிவிலக்கு ஒன்றே ஒன்று: 'இரு' என்கிற எத்ர். நிகழ்காலத்தில் 'நூ ஸொம்'. அதில் 'ஓன்' வாலே இல்லை, வெட்டுவதற்கு ஒன்றும் கிடையாது. அதனால் 'ஏத்' என்ற தனி அடி: ழேத்தே, த்யு ஏத்தே, நூஸ் ஏத்தியோன்.

பிப்ரவரி 4, சற்றுப் பிறகு

மேலே 'ஒன்றே ஒன்று' என்று எழுதிவிட்டேன். திருத்துகிறேன். அடி மாறுவது எத்ரில் மட்டும்தான், அது சரி. ஆனால் 'நூ' வடிவமே இல்லாத வினைகளும் இருக்கின்றன. 'வேண்டியிருக்கிறது' என்ற பொருளில் 'இல் ஃபோ', 'மழை பெய்கிறது' என்று 'இல் ப்லெ'. இவற்றில் நாம், நீங்கள் எல்லாம் வராது. ஆம்பார்ஃபேயில் 'இல் ஃபலே', 'இல் ப்லெவே'. முழுச்சொல்லாகவே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

எழுத்தில் கவனிக்க வேண்டியது இன்னும் உண்டு. 'சாப்பிடு' என்ற மான்ழேயில் ஜி எழுத்துக்குப் பின்னால் ஏ வந்தால் ஒலி 'க' ஆகிவிடும் என்பதால் நடுவில் ஒரு ஈ சேரும். ழெ, த்யு, இல் வடிவங்களில் அந்த ஈ உண்டு. நூ, வூ வடிவங்களில் வால் ஐ-யில் தொடங்குவதால் தேவையில்லை. 'தொடங்கு' என்ற கொமான்ஸேயிலும் இதே கதை: ஏ-க்கு முன்னால் சி எழுத்துக்குக் கீழே வால், ஐ-க்கு முன்னால் வெறும் சி.

பிறகு இரட்டை ஐ. 'படி' என்ற ஏத்யுதியேயின் அடியே ஐ-யில் முடிகிறது, வாலும் ஐ-யில் தொடங்குகிறது. 'நாம் படித்துக்கொண்டிருந்தோம்' என்று எழுதினால் இரண்டு ஐ அடுத்தடுத்து நிற்கும். பார்த்தால் அச்சுப்பிழை போலத் தெரியும், ஆனால் அதுதான் சரி. ஒன்றை விட்டுவிட்டால் அது நிகழ்காலமாகிவிடும்.

பிப்ரவரி 6

எனக்கு இது எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன்.

தெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வுக்கு, பி1 நிலைக்குத் தயாரான சமயம். 'மறக்க முடியாத ஒரு நாள்' பற்றி எழுதச் சொன்னார்கள். முழுக்க முழுக்கப் பஸ்ஸே கொம்போஸேயில் எழுதினேன். எழுந்தேன், கிளம்பினேன், வானம் நீலமாக இருந்தது, நண்பர் வந்தார், எனக்குப் பயமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே காலம். ஒரு வினைவடிவம்கூடத் தவறில்லை. ஆசிரியர் திருப்பித் தந்தபோது ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "இதில் எது நடந்தது, எது இருந்தது?"

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்து, அதே கதையைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். தமிழில் எழுதும்போது கை தானாகப் பிரித்தது. 'வானம் நீலமாக இருந்தது. காற்று வீசிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நண்பர் வந்தார்.' முதல் இரண்டும் மேடை, மூன்றாவது மேடையில் நடந்த காரியம். மேடைக்கு ஆம்பார்ஃபே, காரியத்துக்குப் பஸ்ஸே கொம்போஸே. அன்றைக்குப் பிறகு, சந்தேகம் வந்தால் தமிழில் சொல்லிப் பார்க்காமல் எழுதுவதில்லை.

இதே சோதனைக்கு இன்னொரு ஜோடி. 'அவர் உள்ளே வந்தபோது கடிதம் படித்துக்கொண்டிருந்தேன்' என்றால் படிப்பு அவர் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது: 'கான் இல் ஏ தான்த்ரே, ழெ லீஸே'. 'அவர் உள்ளே வந்ததும் கடிதத்தைப் படித்தேன்' என்றால் அவர் வந்த பிறகு படிப்பு: 'கான் இல் ஏ தான்த்ரே, ழே ல்யு'. பிரெஞ்சில் 'கான்' இரண்டிலும் ஒன்றுதான். 'வந்தபோது', 'வந்ததும்' என்று நாம் இணைப்பில் காட்டும் வித்தியாசத்தை அவர்கள் இரண்டாவது வினையில் காட்டுகிறார்கள்.

பிப்ரவரி 7

'தினமும்', 'அடிக்கடி', 'எப்போதும்' வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆம்பார்ஃபே போடலாமா என்று கேள்வி. பாடநூல்களில் இப்படி ஒரு பட்டியல் இருக்கும். நானும் அதை மனப்பாடம் செய்தவன்தான். இப்போது அதை யாருக்கும் தரமாட்டேன்.

இந்த இரண்டையும் பாருங்கள்.

'அப்போதெல்லாம் தினமும் மழை பெய்யும்.'
'அந்த வாரம் தினமும் மழை பெய்தது.'

இரண்டிலும் 'தினமும்' இருக்கிறது. முதலாவதற்கு எல்லை இல்லை, அது அந்தக் காலத்தின் வழக்கம்: 'இல் ப்லெவே தூ லே ழூர்'. இரண்டாவது ஏழு நாளில் மூடிவிட்ட கணக்கு: 'இல் அ ப்ல்யு தூ லே ழூர்'. தமிழிலேயே வினை மாறிவிட்டதைக் கவனியுங்கள். 'அந்த வாரம் தினமும் மழை பெய்யும்' என்று நடந்து முடிந்த ஒரு வாரத்தைப் பற்றிச் சொன்னால் நமக்கே நெருடும்.

எண்ணிக்கை வந்தாலும் இப்படித்தான். 'அங்கே மூன்று முறை போனேன்' என்பது மூடிய கணக்கு, பஸ்ஸே கொம்போஸே. 'எனக்கு எப்போதுமே இசை பிடிக்கும்' என்று இன்றுவரை நீளும் ஒன்றைச் சொல்லும்போது பிரெஞ்சுக்காரர்கள் 'ழே தூழூர் ஏமே' என்பார்கள். 'எப்போதும்' இருக்கிறது, ஆம்பார்ஃபே இல்லை. அந்த இடத்தில் ஆம்பார்ஃபே போட்டால் அது முடிந்துபோன ஒரு காலத்து விருப்பமாகக் கேட்கும்.

பிப்ரவரி 9

நேற்று நடந்துகொண்டே யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. அதிலிருந்து மனம் வேறு எதிலும் போகவில்லை.

'ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.'
'ஒரு மணி நேரமாகக் காத்திருந்தேன்.'

ஒரு 'ஆக'தான் வித்தியாசம். முதலாவதில் காத்திருத்தல் முடிந்துவிட்டது, கடிகாரம் நின்றுவிட்டது. இரண்டாவதைக் கேட்பவர் 'சரி, அப்புறம்?' என்று அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருப்பார். அதில் நாம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறோம், அப்போது ஏதோ நடக்கப்போகிறது.

பிரெஞ்சில் முதலாவது 'ழே அத்தாந்த்யு யுன் எர்', இரண்டாவது 'ழத்தாந்தே தெப்வி யுன் எர்'. 'தெப்வி' என்ற சொல்தான் நம் 'ஆக'. கடந்தகாலக் கதையில் 'ஒரு மணி நேரமாக', 'இரண்டு நாளாக' என்று வாயில் வந்தால் 'தெப்வி' போட்டு ஆம்பார்ஃபே. 'ஆக' இல்லாமல் 'மூன்று வருடம் அங்கே வசித்தேன்' என்று கணக்கு மூடினால் பஸ்ஸே கொம்போஸே. முதல் நாள் சொன்ன லூயியின் 72 வருடமும் 'ஆக' இல்லாத கணக்குதான்.

இது ஆங்கிலம் வழியாகப் போனால் 'ஹேட் பீன் வெயிட்டிங்' என்று மூன்று சொல் தாண்டித்தான் வரும். அந்த வழியே போனவர்கள், 'அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது' என்று சொல்லும் ப்ளுஸ்-கெ-பார்ஃபே காலத்தைப் போட்டுவிட்டுத் திருத்தம் வாங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 10

சில வினைகளில் காலம் மாறினால் அகராதிப் பொருளே மாறிப்போகிறது. இதை ஒரு மனத்தாங்கலில் கற்றுக்கொண்டேன். தோழி ஒருத்தி தன் அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை என்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று ஆறுதலாகச் சொல்ல நினைத்து 'ழெ லே ஸ்யு' என்றேன், பஸ்ஸே கொம்போஸேயில். அவள் முகம் மாறிவிட்டது. 'யார் சொன்னார்கள்?' என்று கேட்டாள். நான் சொன்னது 'எனக்குத் தெரிய வந்தது', அதாவது ஒருநாள் யாரோ என் காதில் போட்டார்கள் என்று. 'ழெ லெ சவே' என்றிருந்தால் 'தெரியும்' என்று மட்டும் நின்றிருக்கும். தமிழில் 'தெரிந்திருந்தது', 'தெரிய வந்தது' என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த எனக்கு அந்தக் கணத்தில் அது உதவவில்லை, ஏனென்றால் நான் ஆங்கிலத்தில் யோசித்துக்கொண்டிருந்தேன். அங்கே இரண்டுக்கும் 'நியூ' போதும்.

இன்னும் சில: 'ழெ பூவே' என்றால் என்னால் முடியும் நிலை இருந்தது, செய்தேனா என்பது தெரியாது. 'ழே ப்யு' என்றால் முடிந்தது, செய்தேன். 'ழெ வூலே' ஆசை இருந்தது. 'ழே வூல்யு' தீர்மானித்தேன், முயன்றேன். 'ழெ கொனேஸே' பழக்கம் இருந்தது. 'ழே கொன்யு' அறிமுகம் ஆனது.

பிப்ரவரி 13

காதால் பிரிக்கவே முடியவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம்தான். ழெ, த்யு, இல், பன்மை இல் ஆகிய நான்கு வடிவங்களும் காதுக்கு ஒன்றே. அதோடு 'பேசினேன்' என்ற பஸ்ஸே கொம்போஸேயின் கடைசியும் 'பார்லே' என்றே தமிழ்க்காதில் விழும். ஆம்பார்ஃபேயில் வாய் கொஞ்சம் அதிகம் திறக்கும் 'ஏ', மற்றதில் மூடிய 'ஏ'. நமக்கு எகரத்தில் குறில் நெடில் உண்டு, திறப்பு வேறுபாடு கிடையாது. தெற்குப் பிரான்சில் அவர்களே இரண்டையும் ஒரே மாதிரி மூடித்தான் சொல்கிறார்கள்.

நான் வாலைக் கேட்பதை நிறுத்திவிட்டுத் தலையைக் கேட்கத் தொடங்கினேன். 'ழெ பார்லே' ஆம்பார்ஃபே, 'ழே பார்லே' பஸ்ஸே கொம்போஸே. குறில், நெடில்! அதாவது, 'ழே'க்குள் பஸ்ஸே கொம்போஸேயின் துணைவினை ஒளிந்திருக்கிறது. வேகமாகப் பேசும்போது 'ழெ' இன்னும் சுருங்கி வெறும் 'ழ்' ஆகிவிடும், 'ழே' சுருங்காது.

எழுத்தைப் பற்றியும் ஒன்று. பழைய பிரெஞ்சு அச்சுப் பிரதியைப் பார்த்தால் இந்த வால்களில் ஏ-ஐ இருக்காது, ஓ-ஐ இருக்கும். ஒலி எப்போதோ 'ஏ' ஆகிவிட்டது, எழுத்து மட்டும் பழையபடி நின்றது. 18ஆம் நூற்றாண்டில் எழுத்தாளர் வோல்த்தேர் ஏ-ஐ எழுத வேண்டும் என்று வாதாடினார். பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியின் ஆறாம் பதிப்பில், 1835இல்தான் ஏற்றுக்கொண்டது. 'பிரெஞ்சு' என்ற மொழியின் பெயரே அதுவரை ஓ-ஐ போட்டுத்தான் எழுதப்பட்டது. ரசனையாளர் என்ற பொருளில் ஆங்கிலம் கடன் வாங்கிய 'கானசர்' என்ற சொல்லில் அந்தப் பழைய ஓ-ஐ இன்றும் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 15

'ஆல்' விகுதி வாக்கியங்கள். இங்கே என் தமிழ்ச் சோதனை தடுமாறும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

'நேரம் இருந்தால் வருவேன்.' தமிழில் இது நிஜமான வாய்ப்பாகவும் இருக்கலாம், நடக்காது என்ற ஏக்கமாகவும் இருக்கலாம். குரலில்தான் தெரியும், அல்லது 'எனக்கு மட்டும் நேரம் இருந்தால்' என்று ஒரு 'மட்டும்' சேர்ப்போம். பிரெஞ்சு முதலிலேயே முடிவு கேட்கிறது. நடக்கலாம் என்றால் 'ஸி'க்குப் (நம் 'ஆல்') பின் நிகழ்காலம், அடுத்த பாதியில் எதிர்காலம். நடக்காது என்றால் 'ஸி ழவே லெ தான்' என்று ஆம்பார்ஃபே, அடுத்த பாதியில் 'அப்படியானால் நடக்கும்' என்று சொல்லும் கோந்திஸியொனெல் வடிவம்: 'ழெ வியாந்த்ரே'.

அந்தக் கோந்திஸியொனெலின் வால்களும் இதே ஆறு வால்கள்தான். எதிர்கால அடியில் ஒட்டுவது மட்டும் வேறு. அதனால்தான் 'ஸி'க்குப் பக்கத்திலேயே அதையும் போட்டுவிடக் கை துடிக்கும். பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கே அந்தத் தவறு வரும். 'ஸிக்களுக்கு ரேக்களைப் பிடிக்காது' என்று பள்ளியில் சொல்லித் தருவார்கள். ('ரே' என்பது 'வியாந்த்ரே'யின் கடைசியில் கேட்கும் அந்த ஒலி.)

முதல் நாள் 'போவேன் என்றால் அப்படியே ஆம்பார்ஃபே' என்று எழுதியதற்கும் இங்கே ஒரு வேலி போடுகிறேன். பழைய வழக்கத்தைச் சொல்லும் 'போவேன்' மட்டும்தான் ஆம்பார்ஃபே. 'வருவேன் என்றான்' என்பதில் உள்ள 'வருவேன்' அன்றைய எதிர்காலம், பிரெஞ்சில் அது கோந்திஸியொனெல். வாக்கியத்தின் முன்னால் 'அப்போதெல்லாம்' சேர்த்துப் பாருங்கள், ஒட்டினால் ஆம்பார்ஃபே.

பிப்ரவரி 18

இலக்கணப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் கிடப்பவை எனக்கு மிகவும் பிடித்தவை.

குழந்தைகள் விளையாட்டுக்கு முன் பாத்திரம் பிரிக்கும்போது பிரெஞ்சில் 'நான் டாக்டராக இருந்தேன், நீ நோயாளியாக இருந்தாய்' என்று ஆம்பார்ஃபேயில் சொல்வார்கள். முதலில் கேட்டபோது ஏன் கடந்தகாலம் என்று புரியவில்லை. பிறகு நம் பிள்ளைகள் சொல்வது நினைவுக்கு வந்தது: 'நான் டாக்டராம், நீ நோயாளியாம்'. கதையில் வரும் 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம்' என்பதன் அதே 'ஆம்'. நாம் ஒரு விகுதியைச் சேர்த்து நிஜத்திலிருந்து விலகுகிறோம், அவர்கள் காலத்தை ஒரு படி பின்னால் தள்ளி விலகுகிறார்கள்.

மரியாதையும் இதே விலகல்தான். 'உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்' என்போம், எதிரில் நின்றுகொண்டே. அவர்கள் 'ழெ வெனே வூ தெமான்தே' என்பார்கள்.

மயிரிழையில் தப்பியதைச் சொல்லவும் ஆம்பார்ஃபே வரும். 'இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் விழுந்திருப்பான்' என்பது 'ஆன் பா தெ ப்ல்யுஸ், ஏ இல் தோம்பே'. விழவே இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, செய்தித்தாள்களிலும் வாழ்க்கை வரலாறுகளிலும் வரும் ஒரு வகை. விக்தோர் ஹ்யூகோ 1885 மே 22 அன்று பாரிஸில் இறந்தார். தேதியோடு, ஒரே முறை நடந்த காரியம். இதுவரை சொன்ன எல்லாக் கணக்கிலும் பஸ்ஸே கொம்போஸே அல்லது பஸ்ஸே சாம்ப்ல் வர வேண்டும். ஆனாலும் 'விக்தோர் ஹ்யூகோ மூரே' என்று ஆம்பார்ஃபேயில் எழுதுவது வழக்கத்தில் உண்டு. படிப்பவர் அந்த நாளுக்குள் நின்று பார்க்கட்டும் என்று எழுதுபவர் காட்சியை நிறுத்திவைக்கிறார். படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும். தேர்வில் நீங்களாக எழுத வேண்டாம்.

பிப்ரவரி 22

முதல் கேள்வி கேட்டவர் ஏழு வரிப் பத்தி ஒன்றை எழுதி அனுப்பியிருக்கிறார். இரவு, வீடு, தனியாக இருக்கிறார், மின்சாரம் போகிறது. முதலில் தமிழில் எழுதிவிட்டுப் பிறகு பிரெஞ்சுக்குப் போனதாகச் சொல்கிறார். நன்றாக வந்திருக்கிறது. 'இரண்டு மணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தேன்' என்பதற்கு 'தெப்வி' போட்டு ஆம்பார்ஃபே எழுதியிருப்பதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரே ஓர் இடம். மின்சாரம் போன பிறகு 'இல் ஈ அவே த்யு ப்ருவி' என்று எழுதியிருக்கிறீர்கள். அது 'சத்தமாக இருந்தது', அதாவது வீடு முழுக்க இரைச்சல். நீங்கள் சொல்ல வந்தது மாடியில் ஏதோ ஒரு சத்தம் கேட்டது என்றுதானே? அப்படியானால் 'இல் ஈ அ ய்யு ஆன் ப்ருவி'. அடுத்த வரியில் நீங்கள் எழுந்து ஓடுகிறீர்கள். அதற்குக் காரணம் அந்த ஒரு சத்தம்.